பத்துச் சொல், பதினோரு பேர்

எங்கள் யூத ஜனங்கள் ஆளை எண்ண மாட்டார்கள். நாற்காலியை எண்ணுவார்கள், தட்டை எண்ணுவார்கள், சண்டை என்று வந்தால் எதிராளி பத்து வருஷத்தில் செய்த குற்றங்களை விரல் விட்டு எண்ணுவார்கள். ஆனால் உயிருள்ள மனிதர்களைப் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கண் பட்டுவிடும். ஜெபத்துக்குக் கட்டாயம் வேண்டிய பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்களா என்று பார்ப்பதற்கு, தாவீது ராஜா பாடிய சங்கீதப் புத்தகத்தில் ஒரு வசனம் இருக்கிறது. அதில் சரியாகப் பத்துச் சொற்கள். ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு போனால், கடைசிச் சொல்லுக்கு ஆள் இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துபோகும்.

ஒஹாயோ மாநிலத்து டொலிடோவில் பேத் யெதித்யா ஜெபஆலயத்தின் இளைஞர் குழுவில் சொல்லிவைத்தாற்போல் பத்தே பேர். எல்லாரும் பதினான்கிலிருந்து பதினேழு வயதுக்குள். எங்கே பயணம் போனாலும், பேருந்து கிளம்புமுன் குழுவை நடத்தும் ஏவி லுஸ்டிக் முன்னால் நின்று, "ம், சொல்லுங்க" என்பார். பத்துச் சொல்லும் வரிசையாக வந்து விழும். வண்டி நகரும். இரண்டு வருஷமாக இதுதான் வழக்கம். யாருக்கு எந்தச் சொல் என்பதுகூட நிலைத்துப் போயிருந்தது. முதல் சொல் குழுத் தலைவன் ஜோனா கெஸ்லருக்கு. ஒன்பதாவது ரீனா ஸாக்ஹெய்முக்கு. பத்தாவது டாஃப்னா பெர்கோவுக்கு.

ஒன்பதும் பத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால்தான் ரீனாவும் டாஃப்னாவும் சிநேகிதிகள் ஆனார்களோ என்னவோ. வேறு காரணம் சொல்வது கஷ்டம். ரீனா எல்லாருக்கும் பிடித்த மாதிரி இருக்கப் பாடுபடுகிறவள். டாஃப்னாவுக்கு அந்தக் கவலையே கிடையாது. சாப்பாட்டுக்குப் பின் பாடும் நன்றிப் பாட்டில் எல்லாரும் மேசையைத் தட்டி ஓய்ந்த பிறகு அவள் மட்டும் இன்னொரு தட்டு தட்டுவாள். மிட்டாய் வாங்கினால் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கள் உணவு விதிப்படி சரி என்னும் கோஷர் முத்திரை இருக்கிறதா, ஜெலட்டின் மீனுடையதா வேறு மிருகத்துடையதா என்று படித்துவிட்டுத்தான் வாயில் போடுவாள். ஒருமுறை ஜோனா, "டாஃப்னா, தண்ணி பாட்டில்ல என்ன போட்டிருக்குன்னு பாத்தியா? எறா குளிச்ச தண்ணியாம்" என்றான். எறா எங்களுக்கு விலக்கப்பட்ட உணவு. அவள் நிஜமாகவே பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள். பேருந்தே சிரித்தது. ரீனாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அப்படி ஒரு சிநேகம்.

அந்த ஆகஸ்டில் பதினோராவதாக ஒருத்தி வந்து சேர்ந்தாள். ஜோனாவின் சித்தப்பா மகள் ஜெம்மா. அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டதால் பெரியப்பா வீட்டில் தங்கிப் படிக்க சிகாகோவிலிருந்து வந்திருந்தாள். வந்த முதல் வாரத்திலேயே, ஏதோ பிறந்ததிலிருந்து இங்கேயே இருப்பவள்போல எல்லாரையும் செல்லப்பெயர் வைத்துக் கூப்பிட ஆரம்பித்திருந்தாள். சிலருக்கு அது கை வந்த வித்தை. ரீனா மாதிரி ஆட்கள் வருஷக்கணக்கில் மெனக்கெட்டு வாங்குவதை அவர்கள் கேட்காமலே எடுத்துக்கொள்வார்கள்.

செப்டம்பர் முதல் திங்கள் விடுமுறையை ஒட்டி, பல ஊர்க் குழுக்கள் சேரும் முகாம் ஒன்று பென்சில்வேனியாவில் நடக்கும். வெள்ளிக்கிழமை காலை பேருந்து கிளம்பும்போது ஏவி வழக்கம்போல, "சொல்லுங்க" என்றார். டாஃப்னா பத்தாவது சொல்லைச் சொன்னாள். அதற்குப் பிறகு யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அப்ப நான் யாரு?" என்றாள் ஜெம்மா.

ஏவி தாடியைச் சொறிந்தார். "வசனத்துல பத்துதாம்மா இருக்கு. தாவீது ராஜா உன்னை எதிர்பாக்கல. ஒண்ணு பண்ணு, எல்லாரும் முடிச்சதும் நீ ஆமேன் சொல்லு. ஆமேன் காதுல விழுந்தாத்தான் வண்டி எடுக்கறது. சரியா?"

"சரிதான். வசனத்துக்கு வெளியவே நிக்க வெச்சுட்டீங்க. நல்ல மரியாதை!" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டு, ஜெம்மா நாடகக்காரி மாதிரி கையை விரித்து ஒரு ஆமேன் போட்டாள். கைதட்டல் பறந்தது.

ரீனாவும் தட்டினாள். தட்டிக்கொண்டே கணக்குப் போட்டாள். பத்துச் சொல், பதினோரு பேர். இந்த ஜெம்மா வாசலில் நின்று ஆமேன் சொல்லிக்கொண்டே இருக்கப்போகிறவள் இல்லை. நாளைக்கே உள்ளே வருவாள். அப்போது வெளியே போவது யார்? ஜோனா போகமாட்டான். டாஃப்னாவை யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது என்றாலும், வேதச் சுருளான தோராவை வாசிக்க அவளைவிட்டால் ஆள் இல்லை. தன்னிடம் என்ன இருக்கிறது என்று ரீனா யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. பயம் என்றால் அப்படி ஒரு பயம். பதினாறு வயதில் அதைவிடப் பெரிய பயம் உலகத்தில் கிடையாது.

அதனால் முகாமில் ஜெம்மா அவளைத் தேடி வந்தபோது ரீனாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஜெம்மா அவளுக்குத் தலை பின்னிவிட்டாள். மேல் கட்டிலில் பக்கத்தில் படுக்க இடம் கொடுத்தாள். டாஃப்னா பல் தேய்க்கப் போயிருந்த நேரத்தில், "ஆமா, நீ எப்படி அவகூடப் போய்...?" என்று கேட்டாள்.

"சே, அதெல்லாம் இல்ல. பாவம்டி அவ. எங்கம்மாதான் கூட இருன்னு சொன்னாங்க" என்றாள் ரீனா. அம்மா அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம் ஊர் திரும்பினார்கள். பேருந்தின் கடைசி நீள இருக்கை ஜோனாவுக்கும் அவன் கூட்டத்துக்கும் சொந்தம். அங்கே மற்றவர்கள் உட்காரக்கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை, யாரும் உட்கார்ந்ததும் இல்லை. ஜெம்மா ரீனாவின் கையைப் பிடித்து அங்கேதான் இழுத்துப் போனாள். ஜன்னலோரம் ரீனா, அவளையடுத்து ஜெம்மா. டாஃப்னா வழக்கமான நான்காவது வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். திரும்பிப் பார்த்தாள். பிறகு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு மணி நேரம் கழித்து, ஒஹாயோ நெடுஞ்சாலையில் ஓர் இளைப்பாறும் இடத்தில் வண்டி நின்றது. எல்லாரும் இறங்கத் தொடங்கினார்கள். டாஃப்னா பின்னால் வந்து நின்றாள்.

"ரீனா, எறங்கலையா? வாயேன், ஒண்ணா போயிட்டு வரலாம்."

"நீ போயிட்டு வா. எனக்குப் புளிப்பு மிட்டாய் வாங்கிட்டு வா. கோஷரா இருக்கான்னு பாத்து வாங்கு."

ஜெம்மா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். டாஃப்னாவின் முகம் மட்டும் மலர்ந்தது. "பாக்காம வாங்குவேனா? இந்தா, என் போனை உன் சார்ஜர்ல போட்டு வை. செத்துருச்சு" என்று போனை ரீனாவின் மடியில் போட்டுவிட்டு ஓடினாள்.

கடையில் இருக்கும் ஒவ்வொரு பொட்டலத்தையும் அவள் படிக்காமல் வரமாட்டாள் என்பது ரீனாவுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். கொஞ்ச நேரம் அவள் பின்னால் வந்து நிற்காமல் இருந்தால் போதும் என்று இருந்தது. அதற்கு மேல் கெட்ட எண்ணம் அப்போது இல்லை. இதை அவள் பட்சத்தில் சொல்லிவைக்க வேண்டும். சொல்வதற்கு வேறு அதிகம் இல்லை.

கால் மணி நேரத்தில் எல்லாரும் ஏறினார்கள். ஏவி ஓட்டுநர் பக்கத்தில் நின்றுகொண்டு, எத்தனை மணிக்கு ஊர் வந்து சேரும் என்று யாரோ ஒரு பெற்றோருக்குப் போனில் விளக்கிக்கொண்டிருந்தார். போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஒரு கையைத் தூக்கி ஆட்டினார். சொல்லுங்க என்று அர்த்தம்.

ஜோனா ஆரம்பித்தான். சொற்கள் வரிசையாக வந்தன. ரீனா ஒன்பதாவதைச் சொன்னாள். அடுத்த சொல் வரவேண்டிய இடத்தில் ஒரு கண்ணிமைப்பு நேரம் வெறுமையாக இருந்தது. உடனே ஜெம்மா, டாஃப்னாவின் பயபக்தியான இழுவையை அப்படியே பிடித்து, பத்தாவது சொல்லைச் சொன்னாள். கடைசி இருக்கை விழுந்து விழுந்து சிரித்தது. முன்னால் இருந்த சின்னப் பிள்ளைகளுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே தெரியாது, அவர்களும் சிரித்தார்கள். ஏவி திரும்பாமல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இரண்டு வருஷமாகப் பத்தாவது சொல்லோடு நின்று பழகிய காது அது. ஆமேன் வரவில்லை என்பது அந்தக் காதுக்கு உறைக்கவில்லை. வண்டி நகர்ந்தது.

ரீனாவுக்கு உறைத்தது.

அவள் ஜன்னல் கடையைப் பார்த்த ஜன்னல். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு டாஃப்னா வெளியே வந்தாள். வண்டி அசைவதைப் பார்த்தாள். பெட்ரோல் போட நகர்த்துகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும், ஓடவில்லை. ரீனாவின் முகத்தை ஜன்னலில் பார்த்ததும் சிரித்து, கையில் இருந்த மிட்டாய்ப் பொட்டலத்தை உயர்த்திக் காட்டினாள்.

ரீனா வாயைத் திறந்தாள். ஒரு குரல் கொடுத்தால் போதும். வண்டி நிற்கும். டாஃப்னா ஏறி வருவாள், நேராகப் பின்னால் வருவாள், மிட்டாயைக் கொடுத்துவிட்டு இந்த இருக்கையிலேயே எங்காவது ஒண்டிக்கொள்வாள். எல்லாரும் ரசித்த வேடிக்கையைக் கெடுத்தவள் என்று ஜெம்மா ஒரு பார்வை பார்ப்பாள். இதெல்லாம் யோசிக்க எவ்வளவு நேரம் ஆகும்? வண்டி வளைவில் திரும்பி நெடுஞ்சாலையில் ஏற ஆகும் நேரம்தான்.

இப்போது யாராவது கவனிப்பார்கள் என்று நினைத்தாள். யாரும் கவனிக்கவில்லை. அடுத்த பாட்டு முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். பாட்டு முடிந்தது. அதற்குள் பத்து நிமிஷம் ஆகியிருந்தது; பத்து நிமிஷம் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது? இருபது நிமிஷம் ஆனபோது இன்னும் கஷ்டமாகிவிட்டது. அரை மணியில் அது சொல்லவே முடியாத விஷயம் ஆகிவிட்டது. ரீனா கண்ணை மூடிக்கொண்டாள். ஜெம்மா அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். இவ்வளவு நாள் ஆசைப்பட்டது இதற்குத்தான். கிடைத்துவிட்டது.

ஒன்றே கால் மணி நேரத்துக்குப் பிறகு அவள் மடியில் இருந்த போன் அடித்தது. திரையில் 'அம்மா' என்று வந்தது. ரீனா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கம் கலைந்த ஜெம்மாதான் எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஹலோ? ஆ, இது டாஃப்னா போன்தான். இருங்க ஆன்ட்டி, அவ முன்னாடி எங்கயாவது இருப்பா..." என்றபடி எழுந்து நின்று பார்த்தாள். நான்காவது வரிசையில் பை மட்டும் இருந்தது. ஜெம்மாவின் முகம் வெளிறிப்போனதை ரீனா பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே தெரியாது. டாஃப்னா வண்டியில்தான் இருக்கிறாள், அவளை வைத்துக்கொண்டே கேலி செய்கிறோம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

ஏவி பைத்தியம் பிடித்தவர் போல ஆனார். வண்டி அடுத்த வழியில் இறங்கித் திரும்பியது. போவதற்கு ஒன்றே கால் மணி, மறுபடி வருவதற்கு அதே அளவு. "இன்னிக்கு வீடு போய்ச் சேந்த மாதிரிதான்" என்று யாரோ முனகினார்கள்.

டாஃப்னா கடை வாசலில் ஒரு பெண் போலீஸோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஏவி ஓடிப்போய் என்னென்னவோ சொன்னார். அழுகிறாரா என்று தூரத்திலிருந்து தெரியவில்லை. அவள் பேருந்தில் ஏறியதும், முகாமில் சாப்பாட்டுக்குத் தாமதமாக வருகிறவர்களைக் கிண்டல் செய்யப் பாடும் பாட்டை ஜோனா எடுத்துவிட்டான். தர்மசங்கடத்தில் அவனுக்கு வேறு ஒன்றும் தோன்றியிருக்காது. எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். தாளம் தட்டினார்கள். டாஃப்னா சிரித்தாள். பாட்டு முடியும்வரை நடைபாதையில் நின்று, முடிந்ததும் தலைகுனிந்து வணக்கம்கூடப் போட்டாள். பிறகு பின்னால் வந்து பொட்டலத்தை நீட்டினாள்.

"மீன் ஜெலட்டின்தான். பாத்துட்டேன்" என்றாள்.

ரீனா வாங்கிக்கொண்டாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். அது நூறு சதவீதம் சார்ஜ் ஏறியிருந்தது.

அதன் பிறகு நடந்தவை பெரியவர்களின் காரியங்கள். டாஃப்னாவின் அப்பா ஜெபஆலய அலுவலகத்தில் வந்து கத்தினார், யார்தான் கத்தமாட்டார்? புதன்கிழமை நூலக அறையில் இளைஞர் குழு கமிட்டி கூடியது. அதன் தலைவர் ரீனாவின் அம்மா, மார்சி ஸாக்ஹெய்ம். பல் டாக்டர், எதையும் சீக்கிரம் பிடுங்கி எறிந்துவிட்டு வாயைக் கொப்பளிக்கச் சொல்லும் சுபாவம். ஏவி எதையும் மறைக்கவில்லை. ஆமேன் கேட்டால்தான் வண்டி எடுப்பேன் என்று சொன்னவன் நான், கேட்காமல் எடுத்தவனும் நான் என்றார். ஜெம்மா அழுதாள், குழந்தைத்தனம் என்று அவளை விட்டுவிட்டார்கள்.

கமிட்டிக்குப் போகுமுன் அம்மா சமையலறையில் வைத்து ரீனாவைக் கேட்டாள். "அவ போன் உன் மடியிலதானே இருந்துச்சு? உனக்குத் தெரியலையா?"

"தூங்கிட்டேம்மா."

"சரி" என்றாள் அம்மா. கேள்வி அதோடு முடிந்தது.

ஏவிக்கு இருபத்தாறு வயது. அரைச் சம்பளத்துக்கு முழு வேலை பார்த்தவர். சனிக்கிழமைதோறும் பத்துப் பிள்ளைகளுக்கும் அவரவருக்குப் பிடித்த பிஸ்கட் எது என்று நினைவு வைத்து வாங்கி வருவார். அவரை வேலையை விட்டு எடுத்தார்கள். ஜெபஆலயத்தின் வாரக் கடிதத்தில், ஏவி மேற்படிப்பைத் தொடர விரும்புகிறார், அவருடைய சேவைக்கு நம் நன்றி என்று போட்டார்கள். கீழே அம்மாவின் கையெழுத்து. எங்களுடைய நாகரிகத்துக்கு ஒரு குறையும் இல்லை.

டாஃப்னா குழுவுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். யாரும் அவளை வராதே என்று சொல்லவில்லை. அது இன்னும் வசதியாகப் போயிற்று.

நான்கு வாரத்தில், பாவமன்னிப்புக்கான நோன்பு நாளாகிய யோம் கிப்பூர் வந்தது. அந்த நாளுக்கு முன் ஒருத்தருக்கொருத்தர் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். மனிதருக்குச் செய்த தவறை ஆண்டவர் மன்னிக்க மாட்டார், சம்பந்தப்பட்டவர்தான் மன்னிக்க வேண்டும். ஜோனா குழுவின் வாட்ஸப்பில் ஒரு வாசகம் தயார் செய்து போட்டான். 'அன்புள்ள டாஃப்னா, தெரிந்தோ தெரியாமலோ நாங்கள் உன்னை நோகடித்திருந்தால் மன்னித்துவிடு. நாங்கள் உன்னை நேசிக்கிறோம்.' கீழே பத்துப் பேர் பெயர். சரியா என்று கேட்டான். ஆளாளுக்கு இதயப் படம் போட்டார்கள். ரீனாவும் ஒன்று போட்டாள். போட்ட பிறகு வாசகத்தை மறுபடி படித்தாள்.

'நோகடித்திருந்தால்' என்று இருந்தது. இதில் என்ன சந்தேகம்?

மறுநாள் மாலை நோன்பு ஆரம்பம். மத்தியானம் மூன்று மணிக்கு ரீனா சைக்கிளை எடுத்துக்கொண்டு டாஃப்னாவின் வீட்டுக்குப் போனாள். வாசல் படியில் உட்கார்ந்து டாஃப்னா தன் கித்தான் ஷூவைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். யோம் கிப்பூரில் தோல் செருப்புப் போடக்கூடாது, அதற்காக. ரீனாவைப் பார்த்ததும் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"மெசேஜ் வந்துச்சு" என்றாள்.

"நான் தனியா கேக்க வந்தேன்."

"கேளு."

ரீனா வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த வாக்கியங்கள் காணாமல் போயிருந்தன. "அன்னிக்கு நான் தூங்கல. நீ கடையிலேருந்து வெளிய வந்ததைப் பாத்தேன். பாத்துட்டுத்தான் பேசாம இருந்தேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"நான் உன்னைப் பாத்தேன், நீ என்னைப் பாத்தே. இதுல தெரியறதுக்கு என்ன இருக்கு?" டாஃப்னா ஷூவைத் திருப்பி அடிப்பக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். "அதனாலதான் நான் அங்கயே நின்னேன்."

"எங்க?"

"வண்டி நின்ன எடத்துல. மஞ்சக் கோடு போட்டிருக்கும்ல, அது மேல. இருபது நிமிஷம் நகரவே இல்ல. உள்ள போயிட்டா நீங்க திரும்பி வந்து என்னைத் தேடணுமேன்னு. உள்ள அத்தனை ஜனம் இருந்துச்சு, யார்கிட்டயாவது போன் கேட்டிருக்கலாம். கேக்கணும்னே தோணல. யாருமே பாக்காம வண்டி போயிருந்தா நான் பயந்து ஓடியிருப்பேன். ஆனா ரீனா பாத்துட்டாளே, ரீனா சொல்லிருவா, இதோ அந்தத் திருப்பத்துல நின்னுரும்னு..." அவள் குரல் உடையவில்லை. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. "இருபது நிமிஷம். அப்புறம்தான் எனக்கு வெளங்குச்சு."

ரீனாவுக்கு அழுகை வந்தது. அழுதாள். டாஃப்னா பொறுமையாகக் காத்திருந்தாள்.

"ஏன் யார்கிட்டயும் சொல்லல நீ?"

"என்னன்னு சொல்றது? என் சிநேகிதி என்னை விட்டுட்டுப் போயிட்டான்னா? கேவலமா இருக்காது?"

"மன்னிச்சிரு டாஃப்னா."

"மன்னிச்சாச்சு."

"நெஜமாவா?"

"மனசாரக் கேட்டா குடுத்துரணும்னு சட்டம். நான் சட்டம் பாக்கிறவதானே?" கேலியாகச் சொல்லவில்லை. அவளுக்குக் கேலி பேச வராது.

"அப்ப குழுவுக்குத் திரும்பி வருவியா?"

டாஃப்னா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்கு? இப்ப சரியா பத்துப் பேர் இருக்கீங்கள்ல?" பிறகு, "ஏவிகிட்டப் போனியா?" என்று கேட்டாள்.

ரீனா இல்லை என்று தலையசைத்தாள். உண்மையில் ஏவியைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை.

"நீ தூங்கிட்டேன்னு சொன்னதாலதான் எல்லாம் அவர் தலையில விழுந்துச்சு. ஒருத்தி முழிச்சிருந்தான்னு தெரிஞ்சிருந்தா அவரை இப்படித் தொரத்தியிருக்க மாட்டாங்க. உங்கம்மாகிட்ட சொல்லு." டாஃப்னா ஷூவை உதறி வெயிலில் வைத்தாள். "நோன்பு நல்லபடியா முடியட்டும்" என்று முறையாக வாழ்த்திவிட்டு உள்ளே போனாள். கதவை அறையவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் ரீனா பயந்துகொண்டே மிதித்தாள். சொன்னால் அம்மா கமிட்டியில் சொல்வாள். கமிட்டி சொல்லி ஊருக்கே தெரியும். ஏவி மேல் விழுந்த பழி தன் மேல் திரும்பும். குழுவில் யார் தன் முகத்தில் விழிப்பார்கள்? இத்தனை நாள் எதைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டாளோ அது ஒரே வார்த்தையில் போய்விடும். போகட்டும் என்று முடிவு செய்தாள். அந்த முடிவு வந்ததும் ஒரு மாதமாக இல்லாத லேசு நெஞ்சில் வந்தது.

நோன்புக்கு முந்தின சாப்பாட்டை அம்மா மேசையில் வைத்துக்கொண்டிருந்தாள். கோழி சூப், நூடுல்ஸ், வேகவைத்த கேரட். ஏற்கனவே அந்த நாளுக்கு உடுத்தும் வெள்ளை உடுப்புக்கு மாறியிருந்தாள்.

"எங்க போயிட்ட இந்த நேரத்துல?"

"டாஃப்னாகிட்ட மன்னிப்புக் கேக்க."

"நல்ல பொண்ணு" என்றாள் அம்மா.

"அம்மா, அன்னிக்கு நான் தூங்கல." ரீனா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஜன்னலை, பொட்டலத்தை, ஒன்றே கால் மணி நேரத்தை, மஞ்சள் கோட்டை. ஏவியைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டாள். அடி விழும் என்று எதிர்பார்த்தாள். விழுந்தால் தேவலை என்று இருந்தது.

அம்மா கரண்டியோடு அவள் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் அதிர்ச்சி வந்தது, வருத்தம் வந்தது. பிறகு இரண்டும் ஒதுங்கி, கமிட்டிக் கூட்டங்களில் வரும் முகம் வந்தது.

"அவ மன்னிச்சாளா?"

"மன்னிச்சா."

"அவங்கப்பாகிட்ட சொல்லியிருக்காளா?"

"யார்கிட்டயும் சொல்லல."

"அப்புறம் என்ன? கேட்டாச்சு, குடுத்தாச்சு. இதுக்காகத்தானே இந்த நாளே வெச்சிருக்கு." அம்மா சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றினாள். "ஏவிக்கு க்ளீவ்லண்ட்ல வேலை கெடச்சிருச்சு, நல்ல எடம். லெட்டர் போட்டு ஊர் பூரா படிச்சு முடிச்சதை இப்ப போய்க் கிளறினா யாருக்கு லாபம்? எனக்கா, உனக்கா? வசந்தகாலத்துல தலைவர் தேர்தல் வருது. உன்னைத்தான் நிறுத்தணும்னு ஜோனாவே சொல்றானாம், அவங்கம்மா நேத்துதான் சொன்னா. இனிமே இதை யார்கிட்டயும் சொல்லாதே. புரியுதா?"

"அம்மா..."

"ஒக்காரு. ஆறிப்போகுது. சூரியன் எறங்கறதுக்குள்ள சாப்பிடு. அப்புறம் நாளைக்கு ராத்திரி வரைக்கும் பச்சத்தண்ணி கெடையாது."

ரீனா உட்கார்ந்தாள். ஒரு வாய்கூட இறங்காது என்று நினைத்துத்தான் கரண்டியை எடுத்தாள். சைக்கிள் மிதித்து வந்த பசி. முழுக் கிண்ணத்தையும் சாப்பிட்டாள். அம்மா இன்னும் கொஞ்சம் ஊற்றினாள், அதையும் சாப்பிட்டாள்.

ஜெபஆலயம் நிரம்பி வழிந்தது. வருஷம் பூரா தலை காட்டாதவர்களும் வெள்ளையும் சள்ளையுமாக வந்திருந்தார்கள். பெர்கோ குடும்பம் இந்த வருஷம் ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கும் வேறு ஜெபஆலயத்துக்குப் போய்விட்டதாக யாரோ பேசிக்கொண்டார்கள். இளைஞர் குழு பக்கவாட்டில் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தது. அவளைக் கண்டதும் ஜோனா கையைத் தூக்கி ஆட்டினான். நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. யாரும் உட்கார்ந்துவிடாதபடி ஜெம்மா தன் ஜெபப் புத்தகத்தை அதன்மேல் வைத்திருந்தாள்.

"சீக்கிரம் வாடி, எவ்வளவு நேரம் காப்பாத்தறது" என்று கிசுகிசுத்துப் புத்தகத்தை எடுத்தாள்.

ரீனா போய் உட்கார்ந்தாள்.